ஸ்கம்விஎம்: டாஸ் காலத்து சாகச கேம்களை இன்றைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மவுஸால் கிளிக் செய்து கதைக்குள் நடந்துபோய், பொருள்களைப் பொறுக்கி, ஆட்களிடம் பேசி, புதிர்களை அவிழ்க்கும் பழைய சாகச கேம்களை இன்றைய கணினியில் ஓட்ட ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர் ஸ்கம்விஎம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று எதில் வேண்டுமானாலும் ஓடும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, பிஎஸ்பி, ட்ரீம்காஸ்ட் போன்ற பழைய கேம் கருவிகள் வரைக்கும் வடிவங்கள் உண்டு. நான் விண்டோஸ் 11 லேப்டாப்பிலும் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் பயன்படுத்துகிறேன். இந்த விமர்சனம் அந்த இரண்டையும் வைத்துத்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்கு டிடிபி, டிசைன் வேலை செய்கிறவன். அதனால் படம் எப்படித் தெரிகிறது, புள்ளி எப்படி விழுகிறது என்பதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெடுவேன். கீழே அது தெரியும்.

முதலில், பழைய சிடியைப் போட்டால் ஏன் ஓடுவதில்லை? விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக எழுதிய கேம்கள் பெரும்பாலும் 16-பிட் நிரல்கள். 32-பிட் விண்டோஸில் அவற்றை ஓட்ட என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி உள்ளேயே இருந்தது. 64-பிட் விண்டோஸில் அது கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான். அதனால் exe கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் 'இது உங்கள் கணினியில் ஓடாது' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டுப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். விண்டோஸ் 95, 98 காலத்து நிரல்கள் சிலவற்றுக்கு அது பயன்படும். டாஸ் கேமுக்கு ஒரு பயனும் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று டாஸ்பாக்ஸ். அது ஒரு பழைய கணினியையே, அதன் ப்ராசஸர், சவுண்ட் கார்டு, டாஸ் எல்லாவற்றோடும், மென்பொருளாக நடித்துக் காட்டும். ஸ்கம்விஎம் செய்வது வேறு. லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் நிறுவனத்தில் 1987-இல் 'மேனியாக் மேன்ஷன்' என்ற கேமுக்காக ரான் கில்பர்ட்டும் ஆரிக் வில்மண்டரும் ஸ்கம் என்று ஒரு ஸ்கிரிப்ட் மொழியையும் அதை ஓட்டும் எஞ்சினையும் உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் வந்த சாகச கேம்கள் பெரும்பாலும் அந்த எஞ்சினில்தான். அதாவது கேமின் கதை, படம், இசை, உரையாடல் எல்லாம் தரவுக் கோப்புகளில் தனியாக இருக்கும். அவற்றைப் படித்து ஓட்டுகிற exe வேறு. லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ஸ்வீடன்காரர் 2001-இல், அந்த exe-யைத் தூக்கி வைத்துவிட்டு, அதே தரவைப் படிக்கும் புதிய எஞ்சினை இந்தக் காலத்துக் கணினிக்காக எழுத ஆரம்பித்தார். அதுதான் ஸ்கம்விஎம். பின்னாளில் மியூடோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதியவரும், ஸ்பாட்டிஃபையின் ஆரம்பகால நிரலாளர்களில் ஒருவரும் இவரே.

டாஸ்பாக்ஸில் பழைய கணினியின் எல்லாப் பிரச்சினைகளும் கூடவே வரும். வேகத்தை சைக்கிள் கணக்கில் சரிசெய்ய வேண்டும், டிரைவை மவுண்ட் செய்ய வேண்டும், சவுண்ட் கார்டின் ஐஆர்க்யூ எண்ணைச் சொல்ல வேண்டும். ஸ்கம்விஎம்மில் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. கேம் தனக்கு உரிய வேகத்தில், நேராக ஓடுகிறது.

நான் முதலில் ஓட்டியது 1992-இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்'. கல்லூரிக் காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சிடி இன்னும் அலமாரியில் இருந்தது. இப்போதைய லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை, யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை மாட்டிப் படித்தேன். சிடியில் இருப்பதில் நமக்குத் தேவையானது மூன்றே கோப்புகள்: அட்லாண்டிஸ்.000, அட்லாண்டிஸ்.001, அப்புறம் குரல் பதிவுகள் இருக்கும் மான்ஸ்டர்.எஸ்ஓயு. மூன்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஸ்கம்விஎம்மைத் திறந்து 'ஆட் கேம்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். இது எந்த கேம், எந்தப் பதிப்பு, எந்த மொழி என்று தானே கண்டுபிடித்துச் சொல்கிறது. ஸ்டார்ட் அழுத்தினால் கேம் ஓடுகிறது. என் எண்பது வயது அப்பாவிடம் சொல்லிக் கொடுத்தாலும் செய்துவிடுவார்.

இந்த கேமைப் பற்றிச் சொல்லாமல் என்னால் அடுத்ததற்குப் போக முடியாது. பிளேட்டோ எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு தொலைந்த உரையாடலைத் தேடிக் கண்டெடுத்த பிறகு, கதை மூன்றாகப் பிரிகிறது. கூட வரும் சோஃபியா என்ற பெண்ணோடு சேர்ந்து போகலாம், தனியாகப் புதிர்களை அவிழ்த்துக்கொண்டு போகலாம், கைச்சண்டை போட்டுக்கொண்டே போகலாம். மூன்று வழியிலும் நடுப்பகுதியின் இடங்களும் புதிர்களும் மாறும். அட்லாண்டிஸுக்குள் போகும்போதுதான் மூன்றும் மீண்டும் ஒன்று சேரும். ஸ்கம்விஎம்மின் சேவ் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. கன்ட்ரோல் எஃப்5 அழுத்தினால் அதன் சொந்த மெனு வரும். ஒவ்வொரு சேவும் அந்தக் காட்சியின் சின்னப் படத்தோடு, தேதி, விளையாடிய நேரத்தோடு வரிசையாக நிற்கும். பிரியும் இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொண்டு மூன்று பாதையிலும் போய்வந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவும் சேவ் ஆகிறது. இன்னொரு நல்ல விஷயம்: வசனத்தைக் குரலில் மட்டும் கேட்கலாம், எழுத்தில் மட்டும் படிக்கலாம், அல்லது இரண்டும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். விளையாடும்போதே கன்ட்ரோல் T அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாதவர்கள் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒரு வரி நீளமாகப் போனால் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் அடுத்த வரிக்குத் தாவும்.

இப்போது படம். டாஸ் கேம்கள் 320-க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. ஆனால் அன்றைய மானிட்டர் 4:3 விகிதம். அந்த 200 வரிகளை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பிக் காட்டும். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் கொஞ்சம் உயரமாக இருந்தது. இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம். அப்படியே போட்டால் எல்லோரும் குள்ளமாக, முகம் அகன்று தெரிவார்கள். கிராஃபிக்ஸ் பகுதியில் 'அஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் 200 வரி 240 ஆகிவிடும், கதாநாயகன் இண்டி தன் உயரத்துக்கு வந்துவிடுவார். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். திரை முழுக்க இழுத்துவிடும் 'ஸ்ட்ரெட்ச்' தேர்வை மட்டும் தொடாதீர்கள். அகலத் திரையில் கேமை இழுத்து வைத்துப் பார்ப்பது, அதை வரைந்த கலைஞனுக்குச் செய்யும் அநியாயம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து 'லூம்' விஷயம். 1990-இல் பிரையன் மோரியார்ட்டி எழுதிய கேம். நூல் நெய்பவர்களின் குலம், சுரங்களால் நெய்யும் மந்திரம் என்று கதையே தனி அழகு. முதலில் வந்த பதிப்பு இஜிஏ என்ற அன்றைய கிராஃபிக்ஸ் தரத்தில், மொத்தம் 16 நிறம்தான். அதில் மார்க் ஃபெராரி என்ற ஓவியர் இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, இல்லாத மூன்றாவது நிறத்தை வரவழைத்தார். நாங்கள் ஆஃப்செட்டில் நான்கே மையை வைத்துக்கொண்டு முருகன் படத்தில் ஆயிரம் நிறம் காட்டுவது போலத்தான் இதுவும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெறும் புள்ளி, தள்ளி நின்றால் மயில்கழுத்து நீலம். அன்றைய குழாய் மானிட்டரில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் லேசாகக் கலந்து, நிறம் நிறமாகவே தெரிந்தது. இன்றைய எல்சிடி எல்லாவற்றையும் கத்தியால் வெட்டியது போலக் காட்டுவதால் வானம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது.

இதற்கு ஸ்கம்விஎம்மில் ஷேடர் என்று ஒரு வழி உண்டு. குழாய்த் திரையின் கலப்பையும் வரிகளையும் போலச் செய்து காட்டும். தயார் ஷேடர்களை அமைப்புப் பகுதியிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சிஆர்டி என்ற பெயரில் இருப்பவற்றில் ஒன்றைப் போட்டு 'லூம்' ஆரம்பக் காட்சியைப் பார்த்தேன். குன்றின் உச்சியில் கதாநாயகன் பாபின் நிற்கும் அந்த வானம் ஒரே சீரான ஊதாவாக வந்தது. ஷேடரை எடுத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி புள்ளி. அச்சு வேலை செய்யும் யாருக்கும் இந்த ஒரு காட்சியே போதும், பதிவிறக்கத்துக்குச் செலவான டேட்டா வசூலாகிவிடும். இதே கேமின் 256 நிற சிடி பதிப்பையும் ஸ்கம்விஎம் ஓட்டும். அதில் நடிகர்களின் குரல் உண்டு. ஆனால் சிடியில் இடம் போதாமல் வசனங்களைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இஜிஏதான். படத்தைப் பெரிதாக்கும் பழைய ஸ்கேலர்களான எச்க்யூ2எக்ஸ் போன்றவை படத்தை வழுவழுப்பாக்கி கார்ட்டூன் ஸ்டிக்கர் மாதிரி செய்துவிடுகின்றன, அவை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒலியில்தான் ஸ்கம்விஎம் கொஞ்சம் வேலை வாங்கும். அந்தக் கால கேம்களில் இசை பதிவு செய்யப்பட்டதல்ல, இன்ன வாத்தியம் இன்ன சுரம் என்ற குறிப்புகள் மட்டும்தான். எந்தச் சாதனம் வாசிக்கிறதோ அதற்கேற்ப ஒலிக்கும். பெரும்பாலானவர்கள் கேட்டது ஆட்லிப் என்ற சவுண்ட் கார்டில். ஸ்கம்விஎம்மில் அது உள்ளேயே இருக்கிறது, எதுவும் செய்யாமலே வேலை செய்யும். ஆனால் இசையமைப்பாளர்கள் பலர் எழுதியது ரோலண்ட் எம்டி-32 என்ற விலை உயர்ந்த பெட்டிக்காக. 1987-இல் வந்தது. அதைப் போலவே வாசித்துக் காட்டும் நகலியும் ஸ்கம்விஎம்முக்குள் இருக்கிறது, ஆனால் அதற்கு அந்தப் பெட்டியின் ரோம் (ROM) கோப்புகள் இரண்டு வேண்டும். அவற்றின் உரிமை ரோலண்டிடம் இருப்பதால் ஸ்கம்விஎம் தருவதில்லை, தரவும் முடியாது. பெட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போய் அதில் கேட்டேன். 'மங்கி ஐலண்ட் 2'-இல் வுட்டிக் ஊருக்குள் ஒவ்வொரு கடையாக நுழையும்போது, அதே பாட்டு நிற்காமல் வாத்தியம் மட்டும் மாறும். ஐமியூஸ் என்று மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய முறை அது. ஸ்கம்விஎம் அதையும் மறுபடி எழுதியிருக்கிறது. ஆட்லிப்பிலேயே அந்த மாற்றம் ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல் வருகிறது.

பெயரில் ஸ்கம் இருந்தாலும் இன்று அது நூற்றுக்கணக்கான கேம்களை, பல எஞ்சின்களில் ஓட்டுகிறது. சியரா நிறுவனத்தின் 'கிங்ஸ் க்வெஸ்ட்', 'ஸ்பேஸ் க்வெஸ்ட்' எல்லாம் உண்டு. சியராவின் பழைய நிரல்கள் சில, கணினி வேகமாக இருந்தாலே திணறும். ஆடியோவைத் தொடங்க முடியவில்லை என்று பிழை காட்டி வெளியே தள்ளிவிடும், அல்லது காவலாளிகள் மின்னல் வேகத்தில் ஓடுவார்கள். ஸ்கம்விஎம் வேகத்தைக் கட்டி வைத்திருக்கிறது. அதோடு, சியராவே திருத்தாமல் விட்ட ஸ்கிரிப்ட் பிழைகளையும் ஓட்டும்போதே திருத்திவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய காலத்தில் கிடைக்காத திருத்தம் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது.

'பிளேட் ரன்னர்' கேமின் கதை இன்னும் பெரியது. வெஸ்ட்வுட் நிறுவனம் 1997-இல் நான்கு சிடியில் வெளியிட்டது. அதன் மூல நிரல் தொலைந்தே போய்விட்டது. ஸ்கம்விஎம் ஆட்கள் exe-யைப் பிரித்துப் படித்துப் படித்து, பல ஆண்டுகள் உழைத்து எஞ்சினை மறுபடி எழுதினார்கள். 2019-இல் 2.1 பதிப்பில் அது சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிஓஜி தளம் அந்த கேமை விற்க ஆரம்பித்தபோது கூடவே கொடுத்தது ஸ்கம்விஎம்மைத்தான். கேமுக்குள் பதிவாகி, பயன்படாமல் கிடந்த சில வசனங்களைச் சேர்த்துக் காட்டும் தேர்வும் வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காத மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருக்கிறது.

ஆண்ட்ராய்டுக்கு வருவோம். டேப்லெட்டில் விளையாடுவது நான் அல்ல, என் மகள். மூன்றாம் வகுப்பு. 'பஜாமா சாம்' அவளுக்கு உயிர். ரான் கில்பர்ட் பின்னாளில் ஷெல்லி டே என்பவரோடு சேர்ந்து ஆரம்பித்த ஹ்யூமங்கஸ் நிறுவனத்தின் குழந்தைகள் கேம் அது. அதுவும் ஸ்கம் வழி வந்த எஞ்சின்தான். இருட்டுக்குப் பயப்படும் பையன், இருட்டையே பிடிக்கப் போகிறான். படிக்க வேண்டிய எழுத்து ஏறக்குறைய இல்லை, எல்லாமே பேச்சு. விரலால் தொட்டால் போதும். புரியாத சொல் வந்தால் "அப்பா, அவன் என்ன சொல்றான்?" என்று கேட்பாள், அவ்வளவுதான். இந்த வகை கேமுக்கு டேப்லெட் அருமை.

லூகாஸ்ஃபில்ம் கேம்களுக்கு, குறிப்பாகத் திரையின் கீழே வினைச்சொற்கள் வரிசையாக இருக்கும் கேம்களுக்கு, ஃபோன் திரை மிகச் சிறியது. விரல் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது அழுந்துகிறது. டச்பேட் போல வைக்கும் முறை இருக்கிறது. விரலைத் திரையில் எங்கே வைத்து நகர்த்தினாலும் கர்சர் அதற்கேற்ப நகரும். இரண்டு விரலால் தட்டினால் ரைட் கிளிக். அந்த முறைக்கு மாற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். கேம் கோப்புகளை டேப்லெட்டுக்குக் கொண்டுபோவதுதான் தொல்லை. புதிய ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் எல்லா ஃபோல்டரையும் பார்க்க முடியாது. ஸ்கம்விஎம்முக்குள்ளிருந்தே ஃபோல்டரைத் தேர்ந்து அனுமதி கொடுக்க வேண்டும். அந்தத் திரை விளக்கமே இல்லாமல் வந்து நிற்கும். முதல்முறை செய்பவர் நிச்சயம் திணறுவார். கூகுள் டிரைவ் வழியாக சேவ்களை லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் ஒத்திசைக்கும் வசதி மட்டும் சொன்னபடி வேலை செய்கிறது.

வேறு குறைகளும் உண்டு. அமைப்புகள் இரண்டு அடுக்கு. எல்லா கேமுக்கும் பொதுவாக ஒன்று, ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒன்று. 'ஓவர்ரைடு' என்ற டிக்கைக் கவனிக்காவிட்டால், பொதுவில் மாற்றியது கேமில் ஏன் வரவில்லை என்று குழம்பிப் போவீர்கள். தாவல்கள் அதிகம், சொற்கள் எல்லாம் நிரலாளர்களின் சொற்கள். தெரியாத பதிப்பு ஒன்றைக் காட்டினால் ஒரு நீளமான எண் பட்டியலைக் கொட்டுகிறது. சாதாரண ஆளுக்கு அது ஏதோ பெரிய பிழை போலத் தோன்றும். முகப்பின் தோற்றமும் பழசுதான்.

சிடி இல்லாதவர்கள் என்ன செய்வது? ஜிஓஜி, ஸ்டீம் இரண்டிலும் பல கேம்கள் விலைக்குக் கிடைக்கின்றன, தள்ளுபடி நாட்களில் மலிவு. காசே வேண்டாம் என்றால் ஸ்கம்விஎம் தளத்திலேயே உரிமையாளர்கள் இலவசமாக விட்டுக்கொடுத்த கேம்கள் இருக்கின்றன. ரெவல்யூஷன் நிறுவனத்தின் 1994 கேம் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யிலிருந்து தொடங்குங்கள். காமிக்ஸ் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் வரைந்தது. எதிர்கால ஆஸ்திரேலியாவில் நடக்கும் கதை. 2003-இல் இலவசமானது. 'ஃப்ளைட் ஆஃப் த அமேசான் குவீன்' இன்னொன்று, இதைவிட லேசான, சிரிப்பான கேம். இவை இரண்டும் ஓடினால் உங்கள் கணினியில் பெரும்பாலானவை ஓடும்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' மாதிரி குதித்து ஓடும் கேம்களுக்கு, ஸ்கம்விஎம்மைத் தேடாதீர்கள், டாஸ்பாக்ஸுக்குப் போங்கள். ஸ்கம்விஎம் பட்டியலில் ஒரு கேம் இருந்தால் மட்டும் டாஸ்பாக்ஸ் பக்கமே போக வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்த ஆண்ட்ராய்டு ஃபோல்டர் திரைக்காகக் கழித்தது.

கடைசியாக, எனக்கு ஒரு ஆசை. கொரியன், ஹீப்ரு மொழிகளில் ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்புகளை ஸ்கம்விஎம் ஓட்டுகிறது. தமிழில் இதைச் செய்ய முடியாதா என்று யோசித்துப் பார்த்தேன். இந்த கேம்களின் எழுத்துரு 8-பிட், 256 இடம்தான். யூனிகோடுக்கு முன்னால் நாங்கள் டிஸ்கி, பாமினி என்ற பழைய எழுத்துரு முறைகளில் எழுத்தைத் துண்டு துண்டாக அடுக்கி அச்சடித்ததும் அதே 256 இடத்துக்குள்தான். கொம்பைத் தனியாக, காலைத் தனியாக, உகர வடிவங்களை மட்டும் முழு எழுத்தாக வைத்தால் இடம் போதும். புள்ளி புள்ளியாக அந்த எழுத்துருவை வரைந்து கொடுக்க நான் தயார், எட்டுப் புள்ளி உயரத்தில் 'ணை'யும் 'ஜு'வும் எப்படி வரும் என்று இப்போதே கட்டத்தாளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். 'மங்கி ஐலண்ட்' கேமில் வாளால் அல்ல, வசவால் ஜெயிக்கும் சண்டைகள் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் கொண்டுவர நாக்கில் நக்கல் ஊறிய ஒரு ஆள் வேண்டும். மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் அந்த வசனங்களில் கை வையுங்கள்.